மூன்று படிகளும் ஒரு படகுப் பலகையும்

பரணி,

நீ தரமணிக்குக் குடிபோய் ஆறு வாரம் ஆகிவிட்டது. மந்தைவெளியில் ரயில் ஏறினால் ஆறாவது ஸ்டேஷன் உன்னுடையது. பின்பக்கம் பாலத்தின் மேல் ரயில் போகும்போது சமையலறை ஜன்னல் கண்ணாடி லேசாக நடுங்கும் இல்லையா, அந்த நடுக்கத்தை வைத்தே உன் பக்கம் போகிற ரயிலா, உன் பக்கமிருந்து வருகிற ரயிலா என்று சொல்லப் பழகிவிட்டேன். வேறு வேலை இல்லாதவள் கற்றுக்கொள்கிற வித்தை. தினமும் போனில் பேசுகிறோம். "சாப்டியாடா?" "சாப்டேம்மா. நீ?" "ஆச்சு." அதற்குப் பிறகு நீ "வெக்கட்டுமாம்மா" என்கிறாய். போனில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் பரீட்சைத் தாள் திருத்துகிற மேஜையில் உட்கார்ந்து, இந்த நாற்பத்தெட்டு வயதில், உனக்கு முதல்முறையாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.

இந்த ஆறு வாரத்தில் நீ ஒருமுறைகூட வீட்டுக்கு வரவில்லை. நான்தான் இரண்டு தடவை அங்கே வந்தேன். லிஃப்ட், அகலமான குளியலறைக் கதவு, உன் உயரத்துக்கு இருக்கும் அடுப்பு மேடை. நீ மடியில் ஒரு தட்டை வைத்து, அதில் இரண்டு காபித் தம்ளரை வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் நாற்காலிச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்தாய். விருந்தாளி மாதிரி வாங்கிக் குடித்தேன். அடிபட்ட பிறகு நம் வீட்டில் நான்கரை வருடம் இருந்தும் நீ எனக்கு ஒருநாளும் காபி போட்டதில்லை. போட முடிகிற மாதிரி நான் எதையும் வைத்திருக்கவில்லை. "எப்போடா வருவ?" என்று கிளம்பும்போது கேட்டேன். "ஆபீஸ்ல வேலை ஜாஸ்திம்மா" என்றாய். வேலை காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். நம் வீட்டு வாசலில் இருக்கும் மூன்று படிகள்தான் காரணம். நீ குடிபோன அன்று வாட்ச்மேனும் மாடிவீட்டு மாமாவும் நாற்காலியோடு உன்னைத் தூக்கி இறக்கினார்கள். நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். எப்போது தூக்கினாலும் அப்படித்தான் மூடுவாய். விழுந்துவிடுவோம் என்ற பயம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது பயம் இல்லை. தூக்கி முடிக்கும்வரை நீ அந்த இடத்திலேயே இல்லை.

அந்த மூன்று படிகளின் மேல் ஒரு சாய்தளம் போட முனுசாமி மேஸ்திரிக்கு ஒரு வாரம் போதும். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதமே அவர் வந்து அளந்து பார்த்தார். நான்தான் "அப்புறம் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். பிறகு, முதல் ஊசி போட்டதும் பார்க்கலாம் என்றேன். அதன் பிறகு, இரண்டாவது ஊசிக்கு அப்புறம் என்றேன். ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தபோது அவரே கேட்டார்: "இன்னாமா, வாசலுக்கு வேல இருக்குதுன்னியே, இன்னா ஆச்சு?" "அவனே நடந்து ஏறிடுவான் மேஸ்திரி" என்றேன். அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். சிமென்ட்டைக் குழைத்து அந்தப் படிகளை மூடிவிட்டால், நீ இனி நடக்கமாட்டாய் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். படி படியாக இருக்கும்வரை ஒருநாள் நீ அதில் கால் வைப்பாய். இப்படி யோசித்தவள் படிக்காதவள் இல்லை. பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறவள்.

அரசு மருத்துவமனையில் அந்த வயதான டாக்டர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. "அம்மா, தண்டுவடம் அடிபட்ட எடத்துக்குக் கீழ செய்தி போகாது. இருக்கிற தெம்பை வச்சு எப்படி வாழறதுன்னு மறுவாழ்வுப் பிரிவுல சொல்லிக் கொடுக்கிறாங்க, அங்க சேருங்க" என்றார். ஸ்டெம் செல் பற்றிக் கேட்டேன். எலிகள் திரும்ப நடந்த காணொளிகளை அதற்குள் நான் பத்து முறையாவது பார்த்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆராய்ச்சி நடக்குது. நடக்கட்டும், நல்லதுதான். ஒரு நாள் ஏதாவது வரலாம். ஆனா ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசு வாங்க மாட்டாங்க. காசு வாங்கிட்டு, சரியாயிடும்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க." எனக்குக் கோபம் வந்தது. பெரியவர், புதிதாக எதுவும் படிக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு ஸ்டெம் செல் மையத்தில் காசும் வாங்கினார்கள், சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். நான் எழுந்து வரவில்லை.

அங்கே காத்திருக்கும் அறையில் டிவியில் ஒருவர் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? காலில் இரும்புச் சட்டம் மாட்டி, இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ என் காதருகே வந்து, "அம்மா, அவர் கையால நடக்கிறாரும்மா" என்றாய். "சும்மா இருடா" என்று அதட்டினேன். பத்தொன்பது வயதுப் பையன் ஒரு நிமிடத்தில் பார்த்ததை நான் பார்க்க மறுத்தேன். உன்னைக் குப்புறப் படுக்க வைத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்தார்கள். அதிலிருந்து செல்களைப் பிரித்து, முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் விட்டார்கள். அவை தாமாகவே அடிபட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்து புது நரம்பாக மாறும் என்றார்கள். வெளியே வந்ததும், "செல்லுக்கெல்லாம் மேப் போட்டுக் குடுத்திருப்பாங்களாம்மா?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது அதை நினைத்தால் தனியாகச் சிரிக்கிறேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் உன் போர்வையை இழுத்தேன். இடது காலின் கட்டைவிரல் மடங்கி நிமிர்ந்தது. நான் போட்ட சத்தத்தில் மாடிவீட்டு மாமி ஈரக்கையோடு ஓடி வந்தார். "பகவானே, கொழந்தை காலை அசைச்சுட்டானா! இருடி, நம்மாத்துல பால் இருக்கு, பாயசம் வெச்சுண்டு வரேன்" என்று திரும்ப ஓடினார். நீ மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "நான் அசைக்கலம்மா. எனக்கு ஒண்ணும் தெரியல." "தெரியாம எப்படிடா அசையும்?" என்றேன். மறு வாரமே வகுப்பில் அனிச்சைச் செயல் பாடம். மூளையைக் கேட்காமல் தண்டுவடம் தானாகவே செய்கிற வேலை. மூளையிலிருந்து வரும் வழி அடைந்துபோனாலும் அதற்குக் கீழே அந்த வளையம் மட்டும் தனியாக இயங்கிக்கொண்டிருக்கும். வருடா வருடம் போடுகிற படம்தான். அம்புக்குறி போடும்போது கை நின்றுவிட்டது. "மிஸ், அந்தக் கோடு?" என்று ஒரு பெண் கேட்டாள். போட்டு முடித்தேன். வீட்டுக்கு வந்தேன். உன் கட்டைவிரலைப் பார்த்து, "இன்னொரு தடவை அசைடா கண்ணா" என்றேன். தெரிந்தும் நம்பினேன் என்பதை மட்டும் ஒளிக்காமல் இங்கே எழுதிவிடுகிறேன்.

உனக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர், "அது தசை இழுப்பு மேடம், அதை விடுங்க. கட்டில்லேருந்து நாற்காலிக்கு அவனா மாறக் கத்துக்கட்டும்" என்றார். "நடக்கப் போறவனுக்கு அது எதுக்கு?" என்று அவரை நிறுத்திவிட்டேன். ஒரு வருடம் போயிற்று. நீ ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதை ஒரு வருடம் தள்ளிப் போட்டேன். கழிவறைக்குப் போவதற்குக்கூட என்னைக் கூப்பிட்டுக்கொண்டு, நான் பள்ளியிலிருந்து வரும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தாய். அதை நீ சொல்லவே இல்லை. நிரம்பிய செம்பைப் பார்த்து நானும் கேட்கவில்லை.

இனிமேல் எழுதப் போவது உனக்குத் தெரியாது என்றே மூன்று வாரத்துக்கு முன்புவரை நினைத்திருந்தேன். அந்தக் கட்டைவிரலைப் போனில் படம் பிடித்து மையத்துக்கு அனுப்பினேன். அவர்கள் அதை மற்ற அம்மாக்களுக்குக் காட்டினார்கள். ஒருநாள் பட்டினப்பாக்கத்திலிருந்து ஸ்டெல்லா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். மீன்காரக் குடும்பம். மகன் அந்தோணி படகிலிருந்து இறங்கும்போது அலை தள்ளி, பாறையில் முதுகு மோதி, உன்னைப் போலவே ஆகியிருந்தான். "அக்கா, நெசமாவே வெரல் ஆடுச்சாக்கா? ஊசி போட்டா நடப்பானாக்கா?" வகுப்பில் படம் போட்ட பிறகு வந்த அழைப்பு அது. "நல்ல முன்னேற்றம் இருக்கும்மா. தைரியமா போடுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவளும் நம்பினால் நான் தனியாக நம்ப வேண்டியதில்லை. அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து அவன் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்று மையத்தில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அவள் எண் என்னிடம் இருந்தது. கூப்பிடவில்லை.

மூன்றாவது ஊசிக்கு நாள் குறித்த அன்று நீ வரமாட்டேன் என்றாய். கத்தவில்லை. "அம்மா, எத்தனை மாசமா நீ என் காலையே பாத்துக்கிட்டிருக்க. என் மூஞ்சியப் பாத்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாய். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். உனக்கு அன்றைக்குக் கொடுக்காத பதிலை இப்போது கொடுக்கிறேன். உன் காலை நான் பார்த்தது உனக்காக இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நீ கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய். "மொட்டை மாடிக்குப் போய் டேங்க் ரொம்பிடுச்சான்னு பாத்துட்டு வாடா" என்றேன். "ரொம்பினா தண்ணி வழியும்மா, சத்தம் கேக்கும்" என்றாய். "ஒரு வேலை சொன்னா செய்ய மாட்டியா? உங்கப்பா இருந்தா இப்படி உக்காந்திருப்பியா?" என்றேன். செத்துப்போன மனிதரை இழுத்து உன்னை எழுப்பினேன். இரவு பெய்த மழையில் தொட்டியின் இரும்பு ஏணி ஈரமாக இருந்தது. நீ ஒருமுறைகூட என்னைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை நான் அந்த மையத்தின் பக்கமே போயிருக்கமாட்டேன். நீ எழுந்து நடந்துவிட்டால் நான் அன்று சொன்ன சொல் சொல்லாததாகிவிடும். அதற்காகத்தான் உன் முதுகில் இரண்டு முறை ஊசி குத்த வைத்தேன். உன் கால்கள் உன்னைவிட எனக்குத்தான் வேண்டியிருந்தன.

நீ போன பிறகு வீட்டில் உன் கட்டில் இருந்த இடம் பெரிதாகிவிட்டது. அதைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை நடந்து நடந்து பட்டினப்பாக்கத்துக்கே போய்விட்டேன். ஸ்டெல்லா வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். வாசலிலேயே நண்டு சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள். "வாக்கா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளினாள். அந்தோணி இல்லை. கரையில் ஏலம் நடக்கும் இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, ஓட்டல்களுக்குப் போன் செய்து மீன் பேசி விடுகிறானாம். ஊசியைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு போட்டோம். ஜொரம் வந்து பத்து நாளு கண்ணே தொறக்கல. பொழச்சிகினான். வேற ஒண்ணும் மாறல." அவள் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை. "அன்னிக்கு நான் உங்ககிட்ட சொன்னது பொய்ம்மா" என்றேன்.

"தெரியும்க்கா. போன்லயே தெரிஞ்சுது. நீ நம்புறதுக்குத்தான் அப்படிப் பேசுறன்னும் தெரிஞ்சுது. நானும் நம்பணும்னுதான உனுக்கு போன் போட்டேன்? உன்ன மட்டும் இன்னா சொல்றது." கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "ஆனா கோவம் இருந்துச்சு. வந்து நாலு வார்த்த கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள உன் புள்ள வந்துட்டான்."

"யார்?"

"உன் புள்ளதான்க்கா. ரெண்டு வருசமா வந்துகினு கீறான். ஆட்டோவாண்ட சேரை நிறுத்தி எப்பிடித் தாவி ஏர்றதுன்னு அவன்தான் இவனுக்குச் சொல்லிக் குடுத்தான். உனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நண்பனைப் பார்க்கப் போகிறேன் என்று நீ சொல்லிவிட்டுப் போன சனிக்கிழமைகள் இவைதான் என்று அப்போதுதான் புரிந்தது. என் போனில் இருந்த எண்ணை எடுத்து, நான் போக வேண்டிய வீட்டுக்கு நீ போயிருக்கிறாய். வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயரமான வாசற்படி. தண்ணீர் ஏறாமல் இருக்க அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதன் மேல் ஒரு நீளமான பழைய படகுப் பலகை சரிவாகக் கிடந்தது. ஓரத்தில் நீலப் பெயிண்ட் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் சக்கரம் உருண்டு உருண்டு வழவழவென்று இரண்டு கோடு.

"இதை எப்போ போட்டீங்க?"

"இதுவா? ஆஸ்பத்திரிலேருந்து வந்த அன்னிக்கே. எங்க வூட்டுக்காரரு ஒடஞ்ச படகுலருந்து கழட்டினு வந்தாரு."

"ஊசி போடறதுக்கு முன்னாடியா? போடும்போது மனசு கஷ்டமா இல்லையா, இனி அவன் நடக்க மாட்டான்னு..."

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "அதுக்கும் இதுக்கும் இன்னாக்கா? நடக்கும்போது நடக்கட்டும். அதுவரிக்கும் ஊட்டுக்குள்ளாறவே ஒக்காந்துகினு இருப்பானா?"

அவளும் என்னைப் போலத்தான் ஊசிக்கு ஓடினாள். அவளும் ஏமாந்தாள். ஆனால் அவள் மகன் அந்த வருடம் முழுக்க வெளியே போய் வந்தான். ஆசைப்படுவதும் பலகை போடுவதும் இரண்டு வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மறுநாளே முனுசாமி மேஸ்திரியை வரவழைத்தேன். எங்கே சாய்தளம் வந்தாலும் மாடிவீட்டு மாமாவின் கார் நிற்கும் இடத்தைத் தின்றுவிடும். "வண்டிய எங்கம்மா நிறுத்தறது?" என்று மாமா இழுக்க, மேலிருந்து மாமியின் குரல் வந்தது: "தெருவுல நிறுத்திக்கோங்கோ. கார் மழையில நனைஞ்சா ஒண்ணும் ஆயிடாது. பையன் அவன் ஆத்துக்கு வரணுமா வேண்டாமா?" மேஸ்திரி நான்கடியில் செங்குத்தாக ஒன்றைப் போட்டு, "இது போதும்மா" என்றார். நீ விட்டுவிட்டுப் போன பழைய சக்கர நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கி, அதில் உட்கார்ந்து ஏறிப் பார்த்தேன். "யம்மா, நீ இன்னாத்துக்கு அதுல ஒக்கார்ற?" என்று பதறினார். பாதிகூட ஏறவில்லை. சக்கரம் பின்னால் உருண்டது. அவர் பிடித்திருக்காவிட்டால் நானும் முதுகை உடைத்துக்கொண்டிருப்பேன். "ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேணும் மேஸ்திரி, மூணு படியும் சேர்ந்து பதினெட்டு அங்குலம். இடிங்க" என்றேன். "பதினெட்டு அடியா? இன்னாமா, லாரி ஏத்தப் போறியா?" என்று திட்டிக்கொண்டே இடித்தார். இப்போது சுவரோரமாகப் போய், ஒரு திருப்பம் திரும்பி, கதவுக்கு வருகிறது. இரண்டாவது தடவை உட்கார்ந்து ஏறினேன். மேலே வந்து சேர்வதற்குள் தோள் இரண்டும் எரிந்தன. உன் தோள்களை நான் இதற்கு முன் கவனித்ததே இல்லை, பரணி.

நான் சேர்த்து வைத்த, ஸ்டெம் செல் பற்றிய பத்திரிகைக் கத்தரிப்புகள் இருக்கும் கோப்பைத் தூக்கி எறியவில்லை. அந்த அறிவியல் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அதன் வேகத்தில் நடக்கட்டும். என்றைக்காவது ஒழுங்கான ஆராய்ச்சி ஒன்று உன்னைக் கூப்பிட்டால், போவதும் மறுப்பதும் உன் இஷ்டம். நான் வாசலில் நின்று நாள் பார்க்கமாட்டேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு உன் வாழ்க்கையில் யார் வந்தாலும், அவர்கள் எப்படி ஆக வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாயோ, அதற்காகக் காத்திருந்து, இன்றைக்குச் செய்ய வேண்டிய சின்ன வேலையைத் தள்ளிப் போடாதே. அவர்கள் கேட்காமல் பொறுத்துக்கொள்வார்கள், நீ பொறுத்துக்கொண்ட மாதிரி. பிறகு ஒருநாள் ஆறு ஸ்டேஷன் தள்ளிப் போய்விடுவார்கள்.

புது சிமென்ட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் மேஸ்திரி. காலையிலும் மாலையிலும் குடத்தில் கொண்டுபோய் ஊற்றுகிறேன். இன்று ஐந்தாவது நாள். கேட்டின் தாழ்ப்பாளை உன் கை எட்டும் உயரத்துக்கு இறக்கிவிட்டேன். காபித்தூளும் சர்க்கரையும் கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டன. உன்னிடம் ஒரு சாவி இருக்கிறது. அடுத்த வாரம் எந்த நாளானாலும் நான் எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போய்விடுவேன், நாலரைக்குத்தான் வருவேன். நான் இல்லாதபோது வா. நீ முதல்தடவை ஏறுவதை நான் நின்று பார்க்க வேண்டாம், யாருமே பார்க்க வேண்டாம். கண்ணைத் திறந்துகொண்டு ஏறு. நான் வந்து கதவைத் தட்டுகிறேன், நீ திற. அன்றைக்கு உன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

அம்மா